மீன்தொட்டி மணலும் ஒரு சனிக்கிழமையும்



சென்ற இதழில், குளிர்காலத்தில் சுவர் மூலைகளில் பிடிக்கும் பூஞ்சணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களை விளங்கப்படுத்துவதாகச் சொல்லியுமிருந்தேன். அது அடுத்த இதழில் வரும். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை இரவு வந்த தொலைபேசி அழைப்பு இந்தப் பக்கத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

"அண்ணை, உங்களிட்டைத்தானே கடல்மீன் தொட்டி இருக்குது? ஒருக்கா வந்து பாக்கேலுமே? பெடியன் சாப்பிடுறானில்லை."

கதைத்தவர் எங்கள் நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தகப்பன். இரண்டரை வருடம் அகதிகள் இல்லத்தில் ஓர் அறையில் நான்கு பேராக இருந்துவிட்டு, சென்ற வருடம்தான் யேர்மன் அரசின் அனுமதி கிடைத்துத் தனி வீடு எடுத்தவர்கள். அவர் உணவகமொன்றின் குசினியில் இரவு வேலை. மனைவி பகலில் டொச் வகுப்புக்குப் போகிறார். மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அதிகம் வாய் திறக்காத பிள்ளை.

அவர்களுக்கு மேல்மாடியில் இருந்த வயோதிபர் ஒருவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது தன்னுடைய பழைய 80 சென்ரிமீற்றர் தொட்டியை, விளக்கு, பம்ப், ஹீற்றர் எல்லாவற்றோடும் அந்தப் பெடியனுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பெடியன் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து வாசித்து, தகப்பனின் மேலதிக நேரக் காசில் மணலும் உப்பும் கல்லும் வாங்கி, ஐந்து கிழமை பொறுத்திருந்து, பிறகு இரண்டு கோமாளி மீன் வாங்கி விட்டான். 2003இல் வந்த 'நீமோ' படத்திலே வரும் செம்மஞ்சள் வெள்ளை மீன்தான். வகுப்பிலே தொட்டியைப் பற்றிப் பேசுவதற்கு ஆசிரியையிடம் தானாகவே பெயரும் கொடுத்திருக்கிறான். அங்கே அவன் தானாகக் கை உயர்த்தியது அதுதான் முதல் தடவையாம்.

ஏழாவது கிழமை வெள்ளை மணல் முழுக்கத் தவிட்டு நிறமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சனம் சாப்பாட்டுக்கு வருகிறது. ஊத்தைத் தொட்டியை வரவேற்பறையில் வைத்திருக்க எந்த அம்மாவுக்குத்தான் மனம் வரும்? சனிக்கிழமை பெடியன் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன நேரம், தாயும் தகப்பனுமாக மீன்களை வாளியில் பிடித்து விட்டுவிட்டு, மணல் முழுவதையும் குளியல் தொட்டியில் கொட்டி, அரிசி களைவதுபோல் சுடுதண்ணீரில் ஆறு ஏழு தரம் களைந்து, கல்லுகளையும் பிரஷ் போட்டு உரஞ்சி, குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றி, அப்படியே மீன்களையும் விட்டார்கள். பிள்ளை வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான் என்றுதான் செய்தார்கள். ஞாயிறு முழுக்கத் தொட்டி கண்ணாடிபோல் இருந்தது. திங்கள் விடிய ஒரு மீன் செத்துக் கிடந்தது. மற்றது அடியில் படுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

நான் போனபோது அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். தாய், "தம்பி, நான் துப்பரவாக்கினது பிழையே?" என்று என்னிடம் கேட்டார். அவருக்கு அப்போது சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்போது இப்படியான தொட்டிகள் எங்கள் வீடுகள் பலவற்றில் வந்துவிட்டன. பழைய தொட்டியை இனாமாகக் கொடுப்பவர்களும் உண்டு. மலிவாக விற்பவர்களும் உண்டு.

முதலில் இந்த மணல் என்னவென்று பார்ப்போம். ஊரிலே வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் முருகைக்கல் பாவித்தோம் அல்லவா? அதே முருகையும் சிப்பியும் நொறுங்கி வந்த மணல்தான் கடைகளில் 'அரகோனைற்' என்று விற்கப்படுவது. இரசாயனப்படி அது கல்சியங் காபனேற்று, சுண்ணாம்புக்கல்லின் உறவு. வெப்பக் கடல்களின் வெண்மணலில் ஒரு பெரும் பங்கு கிளிமீன்கள் முருகையைக் கடித்து, அரைத்து, பின்னால் விட்ட மணல். ஒரு பெரிய கிளிமீன் வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் செய்யும். இதைச் சொன்னபோது அந்தப் பெடியன் முதன்முதலாகத் திரும்பிப் பார்த்தான்.

ஆனால் தொட்டியிலே மணல் அழகுக்காக மட்டும் கிடப்பதில்லை. மீன் சாப்பிட்டுக் கழிப்பதும், மிஞ்சிய தீனி அழுகுவதும் அமோனியாவாகிறது. அமோனியா மீனுக்கு நஞ்சு; நன்னீரை விடக் கடல் நீரில் இன்னும் மோசம், ஏனென்றால் கடல் நீர் காரத்தன்மை கூடியது. ஒருவகைப் பற்றீரியா இந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்குகிறது. இன்னொருவகை அதை நைத்திரேற்று ஆக்குகிறது. நைத்திரேற்று ஓரளவுக்கு இருந்தால் பாதகமில்லை. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. மணல் மணிகளிலும் கல்லின் துவாரங்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அந்தப் பெடியன் ஐந்து கிழமை பொறுத்திருந்தது இதற்காகத்தான். சுடுதண்ணீரில் மணலைக் களைந்ததும் கல்லை உரஞ்சியதும் அந்த ஐந்து கிழமையையும் இரண்டு மணித்தியாலத்தில் குழாயோடு போக்கிவிட்டது. தொட்டி மறுபடியும் முதலாம் நாளுக்குப் போய்விட்டது, ஆனால் உள்ளே மீன் இருந்தது.

அன்றிரவு என்ன செய்தோம் என்றால்: சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் அமோனியாவைப் பார்த்தோம். நிறம் நன்றாகக் கறுத்த பச்சை. என் தொட்டியிலிருந்து 40 லீற்றர் தண்ணீரும் இரண்டு கல்லும் ஒரு கோப்பை மணலும் காரில் கொண்டுபோய், அவர்களுடைய தண்ணீரில் அவ்வளவை அகற்றிவிட்டு மெல்ல ஊற்றினேன். காற்றுப் பம்ப் ஒன்றைப் போட்டேன். இரண்டு நாளைக்குத் தீனி போட வேண்டாம் என்றேன். வாளியில் புதுத் தண்ணீர் கரைத்து வைத்து அடுத்த நான்கு நாளும் தினம் கால்வாசி மாற்றினோம். அந்த மீன் பிழைத்துக்கொண்டது. அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. பக்கத்தில் பழைய தொட்டி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். உங்களுக்கும் அறிந்தவர் ஒருவர் இருந்தால் தொடக்கத்திலேயே அவரிடம் ஒரு கோப்பை மணல் கேட்டு வாங்கிப் புது மணலில் தூவுங்கள். காசில்லாமல் கிடைக்கும் மிக நல்ல பொருள் அது. கொடுப்பவரின் தொட்டியில் நோயோ, பின்னால் சொல்லப்போகும் சளிப் பாசியோ இல்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்தத் தவிட்டு நிறம் என்ன? ஊத்தை அல்ல. 'டயற்றம்' என்ற நுண்ணிய அல்கா. அதன் ஓடு கண்ணாடிக்குரிய சிலிக்கா. புது மணலிலிருந்தும் குழாய்த் தண்ணீரிலிருந்தும் கரைகிற சிலிக்கேற்றைச் சாப்பிட்டு வளரும். ஏறத்தாழ ஒவ்வொரு புதுத் தொட்டியிலும் இரண்டாம் மாதத்துக்குள் ஒருதரம் வரும். சிலிக்கேற்று முடிந்ததும், வேறு அல்காக்கள் இடம் பிடித்ததும், சில கிழமைகளில் தானாகப் போகும். கண்ணாடியில் படிந்ததை வழித்து விடலாம். மணலில் இருப்பதைக் கை வைக்காமல் விடுவதே மருந்து. பிள்ளைக்குப் பால்பல் விழுவதைப் பார்த்துப் பல் வைத்தியரிடம் ஓடுவோமா?

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் குடிப்பதற்கு அது நல்ல தண்ணீர். கடல்தொட்டிக்கு நல்லதல்ல, நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று எல்லாம் ஊருக்கு ஊர் கூடியும் குறைந்தும் இருக்கும். கடைகளில் 'ஒஸ்மோஸ்' தண்ணீர் என்று கேளுங்கள். லீற்றருக்குச் சில சதம்தான். தூக்கிச் சுமப்பது கஷ்டமென்றால் ஒஸ்மோஸ் வடி ஒன்றைக் குழாயில் பூட்டலாம், ஒரு வருடத்தில் காசு திரும்பிவிடும். தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பில்லாத ஒஸ்மோஸ் தண்ணீரையே ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. இதைத் தெரியாமல் உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி மீனைக் கருவாடாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி மணலை எவ்வளவு போடுவது? இதிலே பெரியவர்களுக்குள்ளேயே பல கட்சி. மொனாக்கோவில் ஜோபேர் என்ற பேராசிரியர் 1980களின் பிற்பகுதியில் அடியில் ஒரு தட்டி வைத்து, அதற்கு மேல் தடித்த மணல் படுக்கை போட்டுப் பெரிய முருகைத் தொட்டிகளை நடத்திக் காட்டினார். அமெரிக்காவில் ஷிமெக் என்ற விலங்கியலாளர் பத்து சென்ரிமீற்றருக்கு மேல் மென்மணல் போட்டு அதைக் கிளறாமல் விடச் சொன்னார். அதற்கு முன்பே இங்கே பேர்லினில் ஸ்ரூபர் போன்றவர்கள் உயிர்க்கல்லையும் 'அப்ஷொய்மர்' என்ற நுரை எடுக்கும் கருவியையும் நம்பி, மணலைப் பெரிதாகக் கணக்கெடுக்காமல் வளர்த்தார்கள். உலகம் முழுவதும் அதைப் 'பேர்லின் முறை' என்றே சொல்கிறது. மணலே இல்லாமல் வெறுங்கண்ணாடி அடியோடு வைத்திருப்பவர்களும் உண்டு.

எங்களைப் போன்ற சிறிய வீட்டுக்காரருக்கு என்னுடைய அபிப்பிராயம்: மூன்று சென்ரிமீற்றர், கூடினால் நான்கு. அதற்கு மேல் வேண்டாம். 80க்கு 35 அடியுள்ள தொட்டிக்கு மூன்று சென்ரிமீற்றர் என்றால் எட்டரை லீற்றர் மணல், ஏறத்தாழ 12, 13 கிலோ. மணியின் பருமன் ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். மாவு போன்றதை வாங்கினால் பம்ப் ஓடும்போது புழுதியாக எழும்பும். பெரும் பரல் வாங்கினால் தீனி இடுக்குகளில் விழுந்து அழுகும்.

ஆழம் ஏன் முக்கியமென்றால், மணலின் மேற்பகுதிக்குத்தான் ஒட்சிசன் போகும். கீழே போகப் போக ஒட்சிசன் குறைய, அங்கே வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கி வெளியே விடுகின்றன. நல்ல வேலை. ஆனால் இன்னும் ஆழத்தில், ஊத்தை சேர்ந்து ஒட்சிசன் அறவே இல்லாமல் போனால், ஐதரசன் சல்பைட்டு உண்டாகும். அழுகிய முட்டை மணம். அந்த இடத்தில் மணல் கறுத்துத் தெரியும். அதைக் கிளறிவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் மீன்கள் மூச்சு முட்டும். என் முதல் தொட்டியில் எட்டு சென்ரிமீற்றர் மணலை இரண்டு வருடம் தொடாமல் விட்டு, ஒரு நாள் கல்லை இடம் மாற்றப்போய் நானே அனுபவித்தது இது. மூன்று மீன் போயிற்று. வீட்டில் இரண்டு நாள் முட்டை பொரிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மணல் போடுவதற்கு முன் முதலில் கல்லை வையுங்கள், கண்ணாடியில் நேராக இருக்கட்டும். மணலுக்கு மேல் கல்லை அடுக்கினால், மணல் தோண்டும் மீனோ இறாலோ ஒரு நாள் கீழே குடைந்து கல்லைச் சரித்துவிடும். காய்ந்த மணலாகப் பையில் வந்தால், போடுவதற்கு முன் மட்டும், தண்ணீர் தெளியும் வரைக்கும் களையலாம். அரிசி களைந்த தண்ணீர்போல் வெள்ளையாக வரும், பயப்பட வேண்டாம். 'உயிர் மணல்' என்று ஈரமாகப் பையில் விற்பதைக் களையவே கூடாது. தொட்டியில் போட்ட பிறகு எந்த மணலையும் எடுத்துக் களையும் பேச்சு இல்லை.

கட்டிட மணல், பிள்ளைகள் விளையாடும் மணல், இங்கே வடகடல் கரையில் அள்ளிய மணல் ஒன்றும் வேண்டாம். சிலர் ஊருக்குப் போய்வரும்போது கசூரினாக் கரை மணலும் முருகைத் துண்டுகளும் கொண்டுவரலாம் என்று யோசிப்பதுண்டு. கல்முருகைகள் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் பறிமுதலும் தண்டமும் வரலாம். வதிவிட அனுமதி புதுப்பிக்கிற காலத்தில் சுங்க இலாகாவோடு எங்களுக்கு என்ன வேலை?

பராமரிப்புக்கு வருவோம். முதல் இரண்டு மாதமும் மணலுக்குள் எதையும் குத்த வேண்டாம். கிழமைக்கு ஒருதரம் பத்திலொரு பங்கு தண்ணீர் மாற்றும்போது, குழாயை மணலுக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து, மேலே கிடக்கும் எச்சத்தை மட்டும் உறிஞ்சுங்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, வாய் அகன்ற உறிஞ்சு குழாயால் மணலையும் கொஞ்சம் கிளறி எடுக்கலாம். ஆனால் ஒரு தடவையில் கால்வாசி இடம் மட்டும். இந்தக் கிழமை இடது முன்பக்கம், அடுத்த கிழமை வலது முன்பக்கம், இப்படி மாதம் ஒரு சுற்று. மற்ற முக்கால்வாசியில் பற்றீரியாக்கள் தங்கள் பாட்டில் இருக்கும். அகன்ற வாயை மணலில் இறக்கினால் மணல் சுழன்று எழும்பும், ஊத்தை இலேசானபடியால் மேலே போகும். மணல் குழாய்க்குள் ஏறப் பார்த்தால் கீழ்நுனியை விரலால் நசித்துப் பிடியுங்கள், மணல் திரும்பி விழும். இரண்டு மூன்று தரம் செய்யக் கை பழகிவிடும்.

ஆனால் நீண்ட காலமாகத் தொடாமல் விட்ட மணல் உள்ள தொட்டி ஒன்றை இனாமாக எடுத்தீர்களானால், அதற்கு இந்த முறை பொருந்தாது. பழைய மணலை எறிந்துவிட்டுப் புதுமணல் போடுவதே புத்தி.

கடையில் வாங்கும் குழாயை வாயால் உறிஞ்சித் தொடக்க வேண்டாம். குழாயை முழுக்கத் தொட்டிக்குள் அமிழ்த்தித் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனியைப் பெருவிரலால் மூடி வாளிக்குள் கொண்டுபோங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். தொட்டித் தண்ணீரில் உள்ள ஒருவகைக் கிருமி காயத்துக்குள் போனால் மாதக்கணக்கில் ஆறாத கட்டியாகும். வைத்தியரிடம் போனால் 'மீன்தொட்டி இருக்கிறது' என்று மறக்காமல் சொல்லுங்கள், அவருக்கு அது பெரிய உதவி. தண்ணீரை இறைக்க முன்னர் ஹீற்றரின் மின் இணைப்பைக் கழற்றி ஒரு கால் மணித்தியாலம் விடுங்கள். சூடாக இருந்தபடி தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும்.

இன்னுமொன்று, இதைத் தாய்மாரும் தகப்பன்மாரும் கட்டாயம் வாசிக்கவும். கல்லுகளில் பொத்தான்போல் கூட்டமாக ஒட்டியிருக்கும் சில மெல்லுயிர்கள் உண்டு. பார்ப்பதற்குப் பூப்போல இருக்கும். அவற்றில் சிலவற்றில் 'பாலிரொக்சின்' என்ற மிகக் கொடிய நஞ்சு இருக்கிறது. அப்படியான கல்லைச் சுடுதண்ணீர் ஊற்றியோ அவித்தோ துப்பரவாக்கினால் நஞ்சு ஆவியோடு காற்றில் பரவும். பல நாடுகளில் முழுக் குடும்பங்களே வைத்தியசாலைக்குப் போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. உரஞ்சும்போது தண்ணீர் கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. அந்தச் சனிக்கிழமை அவர்களுடைய கல்லில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. நான் அன்றிரவு முதலில் பார்த்தது அதைத்தான், மீனை அல்ல. கல்லைக் கழுவிய பிறகு இருமல், நெஞ்சிறுக்கம், காய்ச்சல் நடுக்கம் வந்தால் 112ஐ அழைத்துத் தொட்டியைப் பற்றியும் சொல்லுங்கள்.

மணலில் தவிட்டு நிறத்தைத் தவிர வேறும் வரும். கருஞ்சிவப்பில், பால் ஆடைபோல் விரிந்து, குமிழிகளோடு படிவது ஒன்று. இதற்கு ஊரில் பள்ளிக்கூடத்தில் 'நீலப்பச்சை அல்கா' என்று படித்தோம். நீலமுமில்லை, பச்சையுமில்லை, அல்காவுமில்லை, அது பற்றீரியா. நீரோட்டம் படாத மூலைகளிலும் தீனி கூடிய தொட்டிகளிலும் வரும். ஆடையாகவே குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பம்பின் முகத்தை அந்த மூலைக்குத் திருப்பி, தீனியைக் குறையுங்கள். போத்தலில் விற்கும் மருந்துகளுக்கு அவசரப்பட வேண்டாம்.

மற்றது சளி. தவிட்டு நிறத்தில், நூல் நூலாக, நுனியில் குமிழி தொங்க, பகலில் தடித்து இரவில் குறைந்து காணப்படும். இது 'டைனோ' என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது. டயற்றம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. சிலவகை நத்தைகளைக் கொல்லும். விசித்திரம் என்னவென்றால், இது பெரும்பாலும் தண்ணீர் மிதமிஞ்சித் துப்பரவான தொட்டிகளில், நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியமாக இருக்கும்போதுதான் வருகிறது. இதற்குத் தண்ணீரை மேலும் மேலும் மாற்றுவது எரிகிற அடுப்புக்கு விறகு வைப்பதுபோல. இப்படி ஏதாவது கண்டால் அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

மணலைத் துப்பரவாக்கக் கூலிக்கு ஆள் வைக்கலாமா? வைக்கலாம். எங்கள் ஊர்க் கடலில் அந்த வேலையைச் செய்வது கடலட்டை. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் பிடித்து, அவித்து உலர்த்தி, சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் ஏற்றுமதியாகும் அதே கடலட்டைதான். மணலை விழுங்கி, அதிலுள்ள ஊத்தையைச் சமித்துக்கொண்டு, சுத்த மணலை வெளியே விடும். ஆனால் 110 லீற்றர் தொட்டியில் அதற்குச் சாப்பாடு காணாது. செத்தாலோ பம்பில் அகப்பட்டாலோ நஞ்சை விட்டுத் தொட்டி முழுவதையும் கொல்லக்கூடும். கடையில் ஆசைகாட்டும் மணல் நட்சத்திரமீனும் அப்படித்தான். எனக்கு ஒரு கடைக்காரர் 'மணலை இது பார்த்துக்கொள்ளும்' என்று விற்றார். மணலில் இருந்த சின்னஞ்சிறு உயிர்கள் முழுவதையும் தின்று முடித்து, மூன்றாம் மாதம் பட்டினியில் ஒவ்வொரு கையாகக் கழன்று செத்தது. மணலை வாயால் அள்ளிச் செவுளால் விடும் கோபி மீன்களும் புதுத் தொட்டியில் மெலிந்துபோகும்.

புதியவர்களுக்கு ஏற்றது நத்தைதான். ஊரில் கடற்கரை ஓரம் கிடக்கும் ஊரி மாதிரி நீண்ட கூம்பாக இருக்கும் 'செரித்' நத்தை நான்கு, 'நஸாரியஸ்' நத்தை நான்கு. முதலாவது மணலின் மேல் அல்காவை மேயும். இரண்டாவது மணலுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு துளி தீனி விழுந்த மணம் பட்டவுடன், யானை தும்பிக்கையைத் தூக்குவதுபோல் ஒரு குழாயை நீட்டிக்கொண்டு நான்கும் மணலைப் பிளந்து வெளியே வரும். இதைப் பார்க்கவே நத்தை வாங்கலாம். விட்ட மீன் இரண்டென்றால் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீனி. பனிக்கட்டித் தீனியை அரிதட்டில் ஒருதரம் அலசிவிட்டுப் போடுங்கள், அந்தச் சாறுதான் மணலில் இறங்குவது. அரிதட்டு, வாளி, கரண்டி எல்லாம் தொட்டிக்கென்று தனியாக இருக்க வேண்டும். சவர்க்காரம் பட்ட வாளி ஒருதரம் தொட்டிக்குள் போனாலே போதும்.

அந்தக் குடும்பத்துத் தொட்டிக்கு இப்போது புதுக் கணக்கில் பதினொரு கிழமை. நான்காம் கிழமை மணல் மறுபடியும் தவிட்டு நிறமாகியது. தாய் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தம்பி, வந்திட்டுது. நான் கை வைக்கேல்லை" என்றார். மூன்று கிழமையில் போய்விட்டது. வகுப்பில் பேசும் நாள் இடையிலே வந்தது. செத்த மீனைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்று பெடியன் என்னிடம் கேட்டான். உன் விருப்பம் என்றேன். சொன்னானாம். அம்மா கழுவியது என்று சொல்லவில்லை, "நாங்கள் கழுவினோம்" என்றானாம். கேள்வி நேரத்தில் ஒரு பிள்ளை நத்தைகள் எப்படி மணலுக்குள் மூச்சு விடுகின்றன என்று கேட்க, அந்தக் குழாயைக் கரும்பலகையில் கீறிக் காட்டினானாம்.

இரண்டாவது மீனை இன்னும் வாங்கவில்லை. ஆனி மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். சென்ற ஞாயிறு போனபோது தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி இருந்தது. அதன்மேல் பெடியன் கொட்டை எழுத்தில், தமிழிலும் டொச்சிலும், 'மீனுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தான். தாய் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அது நல்ல வாளி தம்பி, நான் மா குழைக்க வாங்கினது" என்றார்.